செங்கல் கேட்ட நகரம்: ஹாம்பர்க்கில் வதைமுகாம் கைதிகளின் கட்டாய உழைப்பு

1941 அக்டோபர் 25 அன்று ஹாம்பர்க் நகரின் ஹானோவர் ரயில் நிலையத்திலிருந்து 1,034 யூதர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் கிழக்கே புறப்பட்டது. அது போய் நின்றது போலந்தின் வூச் நகரில், நாஜிகள் வேலியடைத்து வைத்திருந்த யூதக் குடியிருப்பில். அந்த ரயிலில் இருந்தவர்களில் ஒருவர் சிசிலியா லாண்டாவ். ஹாம்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்போது வயது 16. தந்தையை அதற்கு முன்பே டாஹாவ் முகாமில் கொன்றுவிட்டிருந்தார்கள். வூச்சில் தாய் பட்டினியால் இறந்தார். தங்கையை 1942 செப்டம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள், அவள் திரும்பவில்லை. 1944 ஆகஸ்டில் சிசிலியாவை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே உயிரோடு விடப்பட்டவர்களில் 500 பெண்களைப் பொறுக்கி மறுபடியும் ரயிலில் ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. இறங்கிய இடம் ஹாம்பர்க் துறைமுகம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்று விரட்டிய ஊர், இப்போது இடிபாடு அள்ளுவதற்கு அதே பெண்ணைத் திரும்ப வரவழைத்திருந்தது. தங்கவைத்த இடம் எல்பே ஆற்றின் தென்கரையில், டெசாவர் உஃபர் என்ற படகுத்துறையில் நிற்கும் செங்கல் கிடங்கு. கிடங்குக்கு ‘ஜி’ என்று பெயர். முன்பு சரக்கு அடுக்கிய தளங்களில் இப்போது 1,500 பெண்கள்.

வதைமுகாம் என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஊருக்கு வெளியே, காட்டோரத்தில், முள்வேலிக்குள் இருக்கிற ஓரிடம். ஹாம்பர்க்கின் கதையைப் படிக்கப் படிக்க அந்தப் படம் கலைந்துபோகிறது. இங்கே முகாம் நகரத்துக்குள் இருந்தது. அதைவிட முக்கியமாக, நகரம் அதைக் கேட்டு வாங்கியது. யார் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், கைதிகள் என்ன வேலை செய்தார்கள், கடைசியில் யார் பதில் சொன்னார்கள் என்பதை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

சூளையில் தொடங்கியது

1938 செப்டம்பரில் ஹாம்பர்க்கின் தென்கிழக்கு ஓரத்தில், நொயங்காமே என்ற கிராமத்தில், மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளையை, வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் சொந்த நிறுவனம் விலைக்கு வாங்கியது. மண் மற்றும் கல் வேலைகளுக்கான ஜெர்மன் நிறுவனம் என்று அதற்குப் பெயர். மலைப்பாறை உள்ள இடங்களில் வதைமுகாம் கைதிகளை வைத்துக் கல் உடைப்பதும், களிமண் உள்ள இடங்களில் செங்கல் அறுப்பதும் அதன் தொழில். டிசம்பரில் சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து 100 கைதிகளைக் கொண்டுவந்து சூளையில் இறக்கினார்கள். தொடக்கத்தில் நொயங்காமே அவ்வளவுதான்: சாக்சன்ஹவுசனின் கிளை, 100 பேர், ஒரு பழைய சூளை.

அதைப் பெரிதாக்கியது ஹாம்பர்க்கின் ஆசை. எல்பே கரையைப் புதுப்பித்து, ஆற்றின் குறுக்கே பிரம்மாண்டமான பாலம் கட்டி, கட்சிக்கு வானளாவிய மாளிகை எழுப்பி, நகரின் முகத்தையே மாற்ற வேண்டும் என்று ஹிட்லர் விரும்பினார். வரைபடங்களைத் தயாரித்தவர் கொன்ஸ்டான்டி குட்ஷோவ் என்ற கட்டடக் கலைஞர். வட ஜெர்மனியில் கட்டடம் என்றால் கருஞ்சிவப்புச் சுட்ட செங்கல்தான். அது கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. 1940 ஜனவரியில் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் நேரில் வந்து நொயங்காமேயைப் பார்த்தார். ஏப்ரலில் ஹாம்பர்க் நகர நிர்வாகமும் எஸ்.எஸ். நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. புதிய, பெரிய செங்கல் தொழிற்சாலை கட்ட நகரம் 10 லட்சம் ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கடன் கொடுத்தது. சூளையிலிருந்து படகில் செங்கல் வர வேண்டும் என்பதற்காக டோவ எல்பே என்ற கிளையாற்றை அகலப்படுத்துவதும் அதிலிருந்து தொழிற்சாலைவரை கால்வாய் வெட்டுவதும் ஒப்பந்தத்தின் பகுதி. வெட்ட வேண்டியவர்கள் கைதிகள். அந்த ஆண்டே நொயங்காமே தனி வதைமுகாம் ஆனது.

இந்த ஒப்பந்தத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போரின் நெருக்கடியில், வேறு வழியில்லாமல், மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்து நகரம் கைதிகளைப் பயன்படுத்தியது என்றுதான் பின்னாளில் பலரும் சொன்னார்கள். 1940 ஏப்ரலில் ஹாம்பர்க் மீது பெருங்குண்டு மழை எதுவும் விழுந்திருக்கவில்லை. அழகான ஆற்றங்கரைக்காக நகரம் கடன் கொடுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இட்டவர்கள் சீருடை அணிந்த கொலையாளிகள் மட்டும் என்றில்லை. அந்தப் பக்கம் இருந்தது ஒரு மாநகர நிர்வாகம், கணக்கு பார்த்து, வட்டி பார்த்து நடக்கிற நிர்வாகம்.

கால்வாய் வெட்டும் குழுவை முகாமில் ‘எல்பே குழு’ என்றார்கள். அதில் சேர்க்கப்பட்டால் உயிர் பிழைப்பது அரிது என்பது கைதிகள் எல்லோருக்கும் தெரியும். இடுப்பளவு சேறு, கை மண்வெட்டி, தள்ளுவண்டி, ஓடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்ற விதி, விழுந்தவன் மேல் அடி. வெட்டிய களிமண்ணைச் சுமப்பவர்களின் உடல் எடை மாதத்துக்கு மாதம் உருகியது. 1941 அக்டோபரில் கொண்டுவரப்பட்ட 1,000 சோவியத் போர்க்கைதிகளில் அடுத்த ஜூனுக்குள் 652 பேர் இறந்திருந்தார்கள். அதே 1942-இல் செங்கல் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது.

தீக்குப் பிறகு

அந்தச் செங்கல்லில் ஹிட்லர் கேட்ட மாளிகை எழவில்லை. 1943 ஜூலை 24 தொடங்கி ஆகஸ்ட் 3 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஹாம்பர்க்கைத் தாக்கின. ஜூலை 27 இரவு எழுந்த நெருப்புப் புயலில் ஹம்மர்புரூக், ரோத்தன்பர்க்ஸ்ஓர்ட், ஹாம் ஆகிய தொழிலாளர் பகுதிகள் சாம்பலாயின. 34,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்த மக்களின் துயரம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தைகளோடு பதுங்கு அறைகளில் வெந்து இறந்தவர்கள் அவர்கள்.

அந்த அறைகளுக்குள் இறங்கிச் சடலங்களை எடுத்தவர்கள் யார் என்பது இங்கே கேட்க வேண்டிய கேள்வி. சாம்பலாகக் கிடந்த ஹம்மர்புரூக்கைச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். பொதுமக்கள் உள்ளே போகக் கூடாது. உள்ளே போனவர்கள் நொயங்காமே கைதிகள். எஸ்.எஸ். அமைப்பு 1942 இலையுதிர் காலத்தில் கைதிகளைக் கொண்டு ‘கட்டுமானப் படைகள்’ என்று நடமாடும் குழுக்களை உருவாக்கியிருந்தது. குண்டு விழுந்த நகரங்களுக்கு அவற்றை அனுப்பும் ஏற்பாடு. பிரேமன், ஓஸ்னாபுரூக் ஆகிய ஊர்களில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டாம் படையை 1943 ஆகஸ்டில் ஹாம்பர்க்குக்குக் கொண்டுவந்தார்கள். சடலம் எடுப்பது, சுவர் இடிப்பது, செங்கல் பொறுக்கிச் சுத்தம் செய்து அடுக்குவது, வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுப்பது. கடைசி வேலைக்குப் போனவர்களில் மாலையில் திரும்பாதவர்கள் உண்டு.

இந்த இடத்தில் குட்ஷோவின் பெயர் மறுபடியும் வருகிறது. ஆற்றங்கரை மாளிகைகளை வரைந்த அதே மனிதர், போர்க்காலத்தில் ‘போருக்கு அவசியமான பணிகளுக்கான அலுவலகம்’ என்ற நகர அலுவலகத்தின் தலைவர். இடிபாடு அகற்றுதல், தற்காலிக வீடு கட்டுதல், அதற்கு ஆள் ஒதுக்குதல் எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. புதிய நகரம் கட்டுவதற்காகக் கைதிகளைக் கொண்டு செங்கல் அறுக்கத் திட்டமிட்ட கை, உடைந்த நகரத்தின் செங்கல்லைக் கைதிகளைக் கொண்டே பொறுக்கவும் திட்டமிட்டது. போருக்குப் பிறகும் அவர் கட்டடக் கலைஞராகவே தொழிலைத் தொடர்ந்தார்.

ஆள் வாடகை

1944-இல் கணக்கு வேறு அளவுக்குப் போனது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் எரிபொருள் ஆலைகளைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கின. டாங்கியும் விமானமும் ஓட வேண்டுமென்றால் ஆலைகளை உடனுக்குடன் செப்பனிட வேண்டும். எட்மண்ட் கைலன்பர்க் என்பவரை அதற்குத் தனி அதிகாரியாக நியமித்தார்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆள் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு. ஹாம்பர்க் துறைமுகத்தில் எண்ணெய் ஆலைகள் நெருக்கமாக இருந்தன. அவற்றுக்காகத்தான் ஆஷ்விட்சிலிருந்து பெண்கள் வந்தார்கள்: ஜூலையில் செக், ஹங்கேரி யூதப் பெண்கள் 1,000 பேர், ஆகஸ்டில் வூச் பெண்கள் 500 பேர். முதல் குழுவில் பிராக் நகரைச் சேர்ந்த டிட்டா போலகோவா என்ற 15 வயதுச் சிறுமியும் இருந்தார். ஆஷ்விட்சின் குழந்தைகள் பகுதியில் ஒளித்து வைத்திருந்த சில புத்தகங்களைக் காத்த சிறுமியாகப் பின்னாளில் டிட்டா கிராவ்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்தவர் அவர்தான்.

எஸ்.எஸ். பொருளாதார அலுவலகம் கைதிகளை வாடகைக்கு விட்டது. தொழில் தெரிந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 6 ரைக்ஸ்மார்க், தொழில் தெரியாதவனுக்கு 4, பெண்ணுக்கும் 4. பணத்தை நிறுவனம் எஸ்.எஸ். கணக்கில் கட்டும், வேலை செய்தவர் கைக்கு ஒரு காசும் வராது. கிடங்கிலிருந்த 1,500 பெண்களையும் ஒரு நாள் வேலைக்கு அனுப்பினால் 6,000 ரைக்ஸ்மார்க் என்று கூட்டிப் பார்க்கலாம். நம் ஊரில் கட்டட வேலைக்கு மேஸ்திரி ஆள் கூட்டி வரும்போதுகூட, கூலியில் எவ்வளவு பிடித்தாலும், மாலையில் ஏதோ ஒரு தொகை தொழிலாளி கைக்கு வரும். இங்கே வந்தது கிழங்குத் தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும்.

விடியற்காலையில் பெண்களைப் படகுகளில் ஏற்றி ஆலைகளுக்குக் கொண்டுபோவார்கள். ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ரேனானியா ஒசாக், எபானோ தார் ஆலை போன்ற இடங்களில் இடிந்த கான்கிரீட்டையும் முறுக்கிய இரும்பையும் வெறுங்கையால் அகற்ற வேண்டும். கால்களில் மரக்கட்டைச் செருப்பு, உடம்பில் ஆஷ்விட்சில் எறிந்து கொடுத்த ஒரே ஒரு கவுன். ஆலைகளைக் குறிவைத்து விமானங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன, அதாவது அவர்கள் எதைச் செப்பனிட்டார்களோ அதுவே அடுத்த இலக்கு. வேலைத்தளத்தில் ஜெர்மன் தொழிலாளர்கள், மேற்பார்வையாளர்கள், மற்ற நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் எல்லோரும் கலந்திருந்தார்கள். போர்க்காலம் முழுவதும் ஹாம்பர்க்கில் வேலை வாங்கப்பட்ட அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் சுமார் 5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். வதைமுகாம் கைதிகள் அந்தக் கூட்டத்தின் அடித்தட்டு. பதுங்கு அறைக்குள் நுழைய உரிமையற்றவர்கள்.

1944 செப்டம்பர் 13 அன்று கிடங்கிலிருந்த பெண்களை 500, 500 பேராக மூன்று இடங்களுக்குப் பிரித்தார்கள்: சாசல், வேடல், நொய்கிராபன். கிடங்கு காலியாகக் கிடந்தது இரண்டே நாள். 15-ஆம் தேதி 2,000 ஆண் கைதிகளைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அக்டோபர் 25 அன்று நடந்த விமானத் தாக்குதலில் கிடங்கின் மேல் குண்டு விழுந்து 150 கைதிகள் மாண்டார்கள். மீந்தவர்களை ஃபூல்ஸ்புட்டல் சிறைக்கு மாற்றி, அங்கிருந்து வேலைக்கு ஓட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பலர் இறந்தார்கள். பிப்ரவரியில் உயிரோடிருந்தவர்களை அதே கிடங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நகருக்குள் எங்கெங்கே

1944 இறுதியில் நொயங்காமே அமைப்பில் சுமார் 49,000 கைதிகள். அவர்களில் மூல முகாமில் இருந்தவர்கள் 12,000 பேர்தான். 37,000 பேர் துணை முகாம்களில், அவர்களிலும் ஏறக்குறைய 10,000 பேர் பெண்கள். வட ஜெர்மனி முழுவதும் 85-க்கும் மேற்பட்ட துணை முகாம்கள். ஹாம்பர்க் நகருக்குள் மட்டும் பதினைந்து அளவில்.

புளோம் அண்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு முகாம். பக்கத்து ஷ்டுல்கன் கப்பல் தளத்திலும் ஒன்று. லாங்கன்ஹார்னில் வெடிபொருள் உறை செய்யும் ஆலைக்கு ராவன்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமிலிருந்து பெண்கள். வாண்ட்ஸ்பெக்கில் டிரேகர் நிறுவனத்தின் விஷவாயு முகமூடி ஆலைக்கு இன்னும் 500 பெண்கள். காற்றுப் புகாத பதுங்கு அறையில் மனிதர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்ற சோதனைக்கும் அவர்களையே உட்காரவைத்தார்கள்.

ஹம்மர்புரூக்கின் ஷ்பால்டிங் தெருவில் நெருப்புக்குத் தப்பி நின்ற கட்டடத்தில் 1944 அக்டோபர் முதல் சுமார் 2,000 ஆண்கள். ஹாம்பர்க் துணை முகாம்களிலேயே இதுதான் மிகப் பெரியவற்றுள் ஒன்று, மிகக் கொடியவற்றுள்ளும் ஒன்று. ரயில் பாதையும் தெருவும் செப்பனிடுவது அவர்கள் வேலை. ஆறு மாதம் நடந்த இந்த ஒரு முகாமில் குறைந்தது 800 பேர் இறந்தார்கள். நகர மையத்திலிருந்து நடந்தே போகிற தூரம் அது. காலையில் ஐந்தைந்து பேராக வரிசையில் போகிறவர்களையும், மாலையில் இறந்தவர்களைச் சுமந்து திரும்புகிறவர்களையும் அந்தத் தெருக்களில் வேலைக்குப் போய்வந்த ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

சாசல் முகாமின் 500 பெண்கள் பாப்பன்புட்டலில் வீடுகள் கட்டினார்கள். வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி இணைக்கிற சிறு வீடுகள், குண்டுவீச்சில் வீடிழந்த ஹாம்பர்க் குடும்பங்களுக்காக. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தன் வீட்டை ஆஷ்விட்சில் இழந்த பெண், குளிரில் வெறுங்கையால் கான்கிரீட் பலகை தூக்கி, தன்னை நாடுகடத்திய ஊர்க்காரருக்கு வீடு கட்டித் தந்தார். குடியேறியவர்களும் பாவப்பட்டவர்கள்தான், ஆனால் சுவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்தப் பெண்கள். அந்த வீடுகளில் ஒன்று மட்டும் இன்று நினைவகமாக நிற்கிறது.

சிசிலியாவும் சாசலில்தான் இருந்தார். தாய்மொழிபோல் ஜெர்மன் பேசுபவர் என்பதால் முகாம் அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு வைத்தார்கள். அங்கே காவலர்களின் பெயர்களும் வீட்டு முகவரிகளும் கண்ணில் பட்டன. எழுதிவைக்க வழியில்லை, எழுதினால் உயிர் போகும். மனப்பாடம் செய்யத் தொடங்கினார். அந்த நகரின் தெருப்பெயர்கள் சிறு வயது முதலே அவருக்குப் பழக்கம்.

ரோத்தன்பர்க்ஸ்ஓர்ட்டின் பள்ளிக்கூடம்

நெருப்புப் புயலில் அழிந்த ரோத்தன்பர்க்ஸ்ஓர்ட் பகுதியில் புலன்ஹூசர் டாம் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் மட்டும் நின்றது. 1944 இலையுதிர் காலத்தில் அதையும் துணை முகாம் ஆக்கினார்கள். சில நூறு கைதிகள் சுற்றிலும் கிடந்த இடிபாட்டிலிருந்து மீண்டும் பயன்படும் கல் தயாரித்தார்கள், நொயங்காமே சூளையை வாங்கிய அதே எஸ்.எஸ். நிறுவனத்துக்காக. களிமண்ணில் தொடங்கிய நிறுவனம் இடிபாட்டிலும் இலாபம் கண்டது.

1945 ஏப்ரலில் அந்த முகாமைக் காலிசெய்தார்கள். கட்டடம் ஆளில்லாமல் கிடந்ததால் எஸ்.எஸ். அதற்கு வேறொரு பயன் கண்டது. குர்ட் ஹைஸ்மையர் என்ற மருத்துவர் நொயங்காமேயில் காசநோய்க் கிருமியைச் செலுத்திச் சோதனை செய்வதற்காக ஆஷ்விட்சிலிருந்து 20 யூதக் குழந்தைகளை வரவழைத்திருந்தார்: 10 சிறுமியர், 10 சிறுவர், 5 முதல் 12 வயது வரை. பிரிட்டிஷ் படை நெருங்கியபோது அவர்கள் உயிருள்ள சாட்சிகள் ஆனார்கள். ஏப்ரல் 20 இரவு அந்தப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் குழந்தைகளைத் தூக்கிலிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரையும், டச்சுப் பணியாளர்கள் இருவரையும், சோவியத் கைதிகள் 24 பேரையும் அதே இரவில் கொன்றார்கள். இதற்குமேல் இதை விவரிக்க நான் விரும்பவில்லை.

துடைத்து வைத்த நகரம்

ஹாம்பர்க்கின் நாஜிக் கட்சித் தலைவரும் ஆளுநருமான கார்ல் கவ்ஃப்மன் நகரைச் சண்டையின்றி ஒப்படைக்க முடிவுசெய்திருந்தார். அதற்காகப் பின்னாளில் அவரை நகரைக் காத்தவர் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. ஒப்படைக்கும் நகரில் கோடுபோட்ட உடையில் எலும்புக்கூடுகள் நடமாடக் கூடாது என்பது அந்த முடிவின் மறுபக்கம். துணை முகாம்களின் பெண்களைப் பெர்கன்-பெல்சனுக்கும், ஆண்களைச் சாண்ட்போஸ்டல், வூபலின் போன்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அவை உணவோ மருந்தோ இல்லாத சாவுக்கிடங்குகள். மூல முகாமில் எஞ்சிய சுமார் 10,000 பேரை லூபெக் வளைகுடாவுக்கு ஓட்டிப்போய்க் கப்பல்களில் ஏற்றினார்கள். கப்பல்களைக் கைப்பற்றிக் கொடுத்தது, கடல் போக்குவரத்துப் பொறுப்பும் வகித்த அதே கவ்ஃப்மன்.

முகாமில் கடைசியாக விட்டுவைத்தது சுமார் 700 கைதிகளை. அவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது: ஆவணங்களை எரிப்பது, அடிக்கும் பலகையையும் தூக்குமரத்தையும் அகற்றுவது, குடில்களைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது. மே 2 அன்று பிரிட்டிஷ் வீரர்கள் வந்தபோது முகாம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. மறுநாள், மே 3 அன்று, ஹாம்பர்க் சண்டையின்றிச் சரணடைந்தது. அதே நாள் பிற்பகல் லூபெக் வளைகுடாவில் நின்ற ‘காப் அர்கோனா’, ‘தீல்பெக்’ கப்பல்களை ஜெர்மன் துருப்புகள் தப்பிச் செல்பவை என்று எண்ணிப் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. ஏறக்குறைய 7,000 கைதிகள் எரிந்தும் மூழ்கியும் இறந்தார்கள். ஏழு ஆண்டுகளில் நொயங்காமே அமைப்பில் இறந்தவர்கள் குறைந்தது 42,900 பேர்.

யார் பதில் சொன்னார்கள்

1946 மார்ச்சில் ஹாம்பர்க்கின் கூரியோ ஹவுஸ் கட்டடத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கூடியது. முகாம் தளபதி மாக்ஸ் பாவ்லி உள்ளிட்ட 14 பேர் குற்றவாளிக் கூண்டில். 11 பேருக்கு மரண தண்டனை. அக்டோபர் 8 அன்று ஹாமலன் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். துணை முகாம்கள் பற்றிய வழக்குகள் தொடர்ந்தன. பெர்கன்-பெல்சனில் உயிரோடு மீட்கப்பட்ட சிசிலியா, தன் நினைவிலிருந்த 42 பெயர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்னார். அந்த முகவரிகளுக்குப் போய் ஆட்களைப் பிடித்தார்கள். சாசல் முகாம் ஊழியர்கள் நீதிமன்றம் ஏறியதற்கு அவருடைய நினைவாற்றல் ஒரு காரணம். பின்னர் அமெரிக்கா சென்று லூசில் ஐகன்கிரீன் என்ற பெயரில் வாழ்ந்தார்; பிறந்த ஊருக்கு மறுபடி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2020-இல் காலமானார்.

அந்த முதல் வழக்கின் கூண்டில் கப்பல் தள முதலாளி இல்லை, எண்ணெய் ஆலை மேலாளர் இல்லை, நகரக் கட்டுமான அதிகாரி இல்லை. நாளுக்கு 4 மார்க் கட்டியவர்கள் வணிகம் செய்தவர்களாகவே எண்ணப்பட்டார்கள். கவ்ஃப்மன் சில காலம் காவலில் இருந்து, உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டு, 1969-இல் ஹாம்பர்க்கிலேயே இயற்கையாக இறந்தார். ஹாம்பர்க்கின் துணை முகாம்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த ஆர்னோல்ட் ஷ்டிரிப்பலின் கதை இன்னும் கொதிக்க வைப்பது. வேறு முகாம்களில் செய்த குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். புலன்ஹூசர் டாம் கொலைகள் பற்றிய விசாரணையை ஹாம்பர்க் அரசு வழக்கறிஞர் 1967-இல் கைவிட்டார்; குழந்தைகளுக்கு உயிர் பறிக்கப்பட்டதற்கு மேல் வேறு தீங்கு எதுவும் இழைக்கப்படவில்லை என்று காரணம் எழுதினார். புக்கன்வால்ட் முகாமில் செய்த குற்றங்களுக்கான ஆயுள் தண்டனை மறுவிசாரணையில் ஆறு ஆண்டாகக் குறைந்தபோது, கூடுதலாகச் சிறையிலிருந்த காலத்துக்கென்று 1,21,500 மார்க் இழப்பீடும் ஷ்டிரிப்பலுக்குக் கிடைத்தது.

உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஜெர்மன் அரசும் தொழில்துறையும் பாதிப் பாதியாக 1,000 கோடி மார்க் போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்தது 2000-இல்தான், அதுவும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகு. வதைமுகாமில் உழைத்தவருக்கு அதிகபட்சம் 15,000 மார்க். பெரும்பாலானோர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். ஒருவருக்கு 15,000, மற்றவருக்கு 1,21,500. இந்த இரண்டு தொகைகளையும் அடுத்தடுத்து எழுதும்போது கை தயங்குகிறது.

முகாம் நிலத்தின் கதி தனி. 1948-இல் பிரிட்டிஷார் அதை நகரிடம் ஒப்படைத்ததும் ஹாம்பர்க் அங்கே சிறைச்சாலை அமைத்தது. கைதிகள் தங்கிய மரக்குடில்களை இடித்துவிட்டு, போரின் கடைசி ஆண்டுகளில் கைதிகளே கட்டிய பெரிய செங்கல் கட்டடங்களைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். உயிர்பிழைத்த பிரெஞ்சுக்காரர்கள் தோழர்கள் இறந்த இடத்தைப் பார்க்கக் கேட்டபோது, பழைய புண்களைக் கிளறக் கூடாது என்று நகரத் தலைமை சொன்னது. 1953-இல் ஓரத்தில் ஒரு தூண், 1965-இல் சற்றே பெரிய நினைவிடம், 1981-இல் ஆவண மாளிகை என்று ஒவ்வொன்றையும் உயிர்பிழைத்தவர்கள் போராடித்தான் பெற்றார்கள். 1970-இல் அதே நிலத்தில் இரண்டாவது சிறையையும் நகரம் திறந்தது. முதல் சிறை 2003-இல் வெளியேறியது. 2005 மே மாதம் முழு நினைவகம் திறந்தது. இரண்டாவது சிறை காலியானது 2006-இல். கைதிகள் அடுக்கிய அந்தச் செங்கல் கட்டடங்களில் ஒன்றில்தான் இன்று முதன்மைக் கண்காட்சி.

1941-இல் சிசிலியாவை ஏற்றிச் சென்ற ஹானோவர் ரயில் நிலையம் இப்போது இல்லை. அந்த இடம் பூங்கா. அதனுள் பழைய நடைமேடையின் எச்சத்தை வைத்து, நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்து 2017-இல் நினைவிடம் திறந்தார்கள். டெசாவர் உஃபரின் ‘ஜி’ கிடங்கு ஆற்றின் மறுகரையில் இன்றும் நிற்கிறது.